காரீயத் தகட்டை வெல்டு செய்யக் கற்பது: கூரைச் சில்லறை வேலைகளுக்கு ஒரு தொடக்கம்

பிரிட்டனில் ஒரு பழைய வீட்டுக் கூரை ஒழுகினால் ஓடு உடைந்திருக்க வேண்டும் என்றில்லை. ஓடும் செங்கல்லும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். புகைபோக்கி கூரையைத் துளைத்து மேலே வரும் இடம், பின்கட்டின் சாய்வுக் கூரை சுவரில் போய் முட்டும் இடம், முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பே ஜன்னலின் மேல்தட்டு, கழிவறையின் காற்றுக்குழாய் வெளியே தலைநீட்டும் ஓட்டை. இந்த மூட்டுகளையெல்லாம் மழையிலிருந்து காப்பது சாம்பல் நிறக் காரீயத் தகடு. லண்டனில் தமிழர்கள் அதிகம் வாழும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளின் பழைய தெருக்களில் அண்ணாந்து பார்த்தால், புகைபோக்கியின் இரு பக்கமும் படிக்கட்டுப் போல இறங்கும் தகடுகள் தெரியும். அங்கே சொந்த வீடு வாங்கியவர்களும் கட்டட வேலை செய்பவர்களும் இந்த உலோகத்தோடு என்றைக்காவது மல்லுக்கட்டியே ஆகவேண்டும்.

கூரைக்குக் காரீயத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் மென்மை. கையால் அழுத்தினாலே வளையும். மரக்கருவியால் தட்டினால் ஓட்டின் நெளிவோடு நெளிந்து படியும். வெளிக்காற்று பட்டதும் மேலே ஒரு படலம் உண்டாகி அடியில் உள்ள உலோகத்தை மூடிக் காக்கிறது. அதனால்தான் தேவாலயக் கூரைகளில் அது நூறு ஆண்டுக்கு மேலும் கிடக்கிறது.

ஆனால் தகடு தட்டையானது, கட்டடத்துக்கோ மூலைகள் உண்டு. புகைபோக்கியின் முன்பக்கத் தகட்டை மூலையைச் சுற்றித் திருப்பினால் அடியில் முக்கோணமாக ஒரு இடைவெளி வாய்பிளக்கும். இதைச் சமாளிக்க இரண்டு வழிகள். ஒன்று, மேலட் என்ற மரச்சுத்தியலாலும் டிரெஸ்ஸர் என்ற மரத் தட்டுக்கருவியாலும் மெல்ல மெல்லத் தட்டி, உலோகத்தையே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தி மூலையை உருவாக்குவது. இதை பாஸிங் என்பார்கள். நெருப்பே வேண்டாம், ஆனால் கை பழக நாள் பிடிக்கும். இன்னொன்று, வெட்டிவிட்டு இடைவெளியில் ஒரு முக்கோணத் துண்டை வைத்து வெல்டு செய்வது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். கூரை மேல் நெருப்பு கூடாது என்று சொல்லப்படும் இடங்களில் அது ஒன்றுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்து ஒட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சால்டரில் வெள்ளீயம் கலந்திருக்கிறது. அது காரீயத்தைவிட விறைப்பானது. வெயிலில் தகடு விரியும், இரவில் சுருங்கும். மூட்டு மட்டும் அதோடு சேர்ந்து அசையாமல் நின்றால், காலப்போக்கில் பக்கத்திலேயே விரிசல் விடும். வெல்டு செய்த மூட்டு முழுக்க அதே உலோகம் என்பதால் தகட்டோடு சேர்ந்தே அசையும். இந்த வேலைமுறை வளர்ந்தது கூரையில் அல்ல, வேதியியல் தொழிற்சாலையில். 1746-இல் ஜான் ரோபக் பர்மிங்ஹாமில் காரீயத் தகடு வேய்ந்த அறைகளில் கந்தக அமிலம் தயாரிக்கத் தொடங்கினார். அந்தத் தொழில் பெருகியபோது, அமிலம் அரித்துவிடும் சால்டருக்குப் பதில் காரீயத்தைக் காரீயத்தாலேயே இணைக்கும் தேவை வந்தது. பிரிட்டனில் பழைய கைவினைஞர்கள் இந்த வேலையை இன்னும் ‘லெட் பர்னிங்’ என்றே அழைக்கிறார்கள்.

கடையில் தகட்டை மில்லிமீட்டரில் கேட்க மாட்டார்கள், கோட் எண்ணில்தான் கேட்பார்கள். ஒரு சதுர அடித் தகடு எத்தனை பவுண்டு எடை என்பதிலிருந்து வந்த எண் அது. கோட் 3 என்றால் 1.32 மி.மீ. தடிமன், பச்சை அடையாளம். கோட் 4 என்றால் 1.80 மி.மீ., நீலம். கோட் 5 என்றால் 2.24 மி.மீ., சிவப்பு. இவற்றுக்கு மேலே 6, 7, 8 என்று போகும், 8 வரும்போது 3.55 மி.மீ. தடிமனும் ஆரஞ்சு நிறமும். வீட்டு வேலைகளில் பெரும்பாலும் கோட் 4-உம் 5-உம்தான் புழங்கும். 300 மி.மீ. அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கோட் 4 சுருள் ஏறக்குறைய 37 கிலோ. ஏணியில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற நினைக்காதீர்கள். கீழேயே அளவுக்கு வெட்டிவிட்டு எடுத்துப் போங்கள்.

பழகுவதற்கு கோட் 5 துண்டுகளையே தேர்ந்தெடுங்கள் என்பேன். கோட் 4 மலிவுதான். ஆனால் கை தடுமாறும் காலத்தில் அந்த 0.44 மி.மீ. கூடுதல் தடிமன் உங்களுக்கு ஒரு கணம் அவகாசம் தரும். இந்த வேலையில் அந்த ஒரு கணம் பெரிது.

ஏன் பெரிது என்றால், காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. ஆக்சிஜனும் அசிட்டிலின் வாயுவும் கலந்து எரியும் ஆக்சி-அசிட்டிலின் சுடரோ 3,000 டிகிரியைத் தாண்டும். இரும்பு சிவக்கும், மஞ்சளாகும், பிறகுதான் உருகும். பார்ப்பவருக்கு எச்சரிக்கை கிடைக்கும். காரீயம் நிறமே மாறாது. சாம்பலாக இருந்தது திடீரெனக் கண்ணாடிபோல் மின்னும். அந்த மின்னல்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே அறிகுறி. அதைக் கண்டவுடன் சுடரை எடுக்கவில்லை என்றால் அடுத்த நொடி தகட்டில் ஓட்டை.

அதோடு இன்னொரு விஷயம் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். காரீயத்தின் மேற்பரப்பில் எப்போதும் ஆக்சைடுப் படலம் ஒன்று இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லியதாகக்கூட இருக்கலாம். உலோகம் 327 டிகிரியில் உருகினாலும் இந்த ஆக்சைடு உருக 888 டிகிரி வேண்டும். அதாவது அடியில் உலோகம் தண்ணீராக நிற்கும்போதும் மேலே படலம் அப்படியே இருக்கும், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிந்திருப்பதைப் போல. இரண்டு தகடுகளும் உருகி, பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், நடுவே இந்தப் படலம் இருக்கும்வரை ஒன்றோடொன்று கலக்காது. கற்பவர் என்ன செய்வார்? சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் சுடரைக் காட்டுவார். தகடு பொத்தென்று விழுந்துவிடும். குறை சூட்டில் இல்லை, சுரண்டாமல் விட்டதில்தான்.

எனவே இந்த வேலையின் முதன்மைக் கருவி சுடர் வரும் டார்ச் அல்ல, ஷேவ்ஹூக். நீண்ட பிடியின் நுனியில் சிறிய தகட்டு அலகு கொண்ட சுரண்டி அது. மூட்டின் இரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. அகலத்துக்கு, உலோகம் வெள்ளியாகப் பளபளக்கும்வரை சுரண்ட வேண்டும். விளிம்பின் வெட்டுமுகத்தையும் சேர்த்து. ஒரு தகட்டின் மேல் இன்னொன்று ஏறும் மூட்டு என்றால், மேல் தகட்டின் அடிப்பக்கத்தையும் சுரண்ட வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆழமாகச் சுரண்டிப் பள்ளம் தோண்டிவிடவும் கூடாது. மெல்லிய சுருளாக வந்தால் சரியான அழுத்தம். சுரண்டிய இடத்தை விரலால் தொடாதீர்கள், மதிய உணவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் வேண்டாம். சுரண்டியவுடனே வெல்டு செய்ய வேண்டும், ஏனென்றால் படலம் உடனே மீண்டும் பிடிக்கத் தொடங்கிவிடும். இரும்பு வெல்டிங்கில் போல ஃப்ளக்ஸ் (ஆக்சைடை நீக்கும் பொருள்) எதுவும் இதற்குத் தேவையில்லை. சுரண்டல்தான் ஃப்ளக்ஸ் செய்யவேண்டிய வேலையைச் செய்கிறது.

நிரப்புவதற்கும் தனியாகக் கம்பி வாங்க வேண்டியதில்லை. அதே தகட்டிலிருந்து 6 மி.மீ. அகலக் கீற்றுகளை ஸ்னிப்ஸ் என்ற தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி, நான்கு பக்கமும் சுரண்டி வைத்துக்கொள்ளுங்கள். அழுக்குக் கீற்று உருகினால் மூட்டுக்குள் ஆக்சைடையே ஊற்றியதாகும்.

சுடர்

காரீயத்துக்கென்றே சிறிய, எடை குறைந்த டார்ச் வரும். இரும்பு வெட்டும் பெரிய டார்ச்சைக் கொண்டுவந்தால் வேலைக்கு ஆகாது. இரு வாயுச் சிலிண்டர்களின் ரெகுலேட்டர்களையும் ஏறக்குறைய 0.14 பார் அழுத்தத்துக்கு வையுங்கள். மிகக் குறைவாகத் தோன்றும், அதுவே போதும். அழுத்தம் கூடினால் சுடரின் வேகமே உருகிய உலோகத்தை ஊதித் தள்ளிவிடும். முதலில் அசிட்டிலினைத் திறந்து பற்றவைத்து, கரிப்புகை நிற்கும் அளவுக்கு ஏற்றி, பிறகு ஆக்சிஜனை மெல்லத் திறக்கவும். நடுவில் ஒரு வெண்கூம்பும் அதைச் சுற்றி இறகுபோல் ஒரு மங்கல் சுடரும் தெரியும். அந்த இறகு கூம்புக்குள் வந்து அடங்கி, கூம்பின் விளிம்பு தெளிவாகும் இடம்தான் சமநிலைச் சுடர். அசிட்டிலின் மிகுந்தால் உலோகத்தின் மேல் கரி படியும். ஆக்சிஜன் மிகுந்தால் சுரண்டி எடுத்த ஆக்சைடை நீங்களே மறுபடியும் உண்டாக்குவீர்கள். வேலை நடுவே சுடர் மாறிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது பார்த்துத் திருத்த வேண்டும்.

சிலிண்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. அசிட்டிலின் சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். உள்ளே வாயு அசிட்டோன் திரவத்தில் கரைந்திருக்கிறது, படுக்க வைத்தால் திரவம் வெளியே வரும். ஆக்சிஜன் இணைப்புகளில் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. இரண்டு குழாய்களிலும், சுடர் உள்ளே திரும்பிப் பாய்வதைத் தடுக்கும் பின்சுடர்த் தடுப்பான் இருக்க வேண்டும். கசிவைச் சோதிக்க உரிய திரவத்தைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். சிலிண்டர்களை மூடிய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அணைக்கும்போது அசிட்டிலின் முதலில், ஆக்சிஜன் பிறகு.

முதல் மூட்டு

இரண்டு துண்டுகளை நேர்விளிம்பாக வெட்டி, ஒன்றோடொன்று இடைவெளியின்றி முட்டவைத்துத் தட்டையான காய்ந்த பலகையில் கிடத்துங்கள். பலகை ஈரமாக இருந்தால் ஆவி கிளம்பி உருகிய உலோகத்தைத் தெறிக்கச் செய்யும். சுரண்டுங்கள். இரு முனைகளிலும், நடுவே 75 முதல் 100 மி.மீ. இடைவெளியிலும் ஒவ்வொரு துளி வைத்துப் பிடிப்புப் போடுங்கள். பிறகு வலக்கைக்காரர் என்றால் வலது முனையிலிருந்து தொடங்குங்கள்.

சுடரின் கூம்பு உலோகத்தைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மூட்டின் மேல் ஒரு புள்ளி மின்னத் தொடங்கும். கீற்றின் நுனியைச் சுடரின் ஓரத்தில் காட்டினால் ஒரு துளி விழுந்து அந்த மின்னும் புள்ளியோடு கலக்கும். கலந்ததும் இரு பக்கத் தகடுகளின் விளிம்பும் அதற்குள் இழுபடும். அதைக் கண்ணால் பார்க்க முடியும். உடனே சுடரை மேலே தூக்குங்கள். துளி உறைந்து மங்கலாகும். முந்திய துளியின் பாதி மேல் ஏறும்படி அடுத்த துளி. தொடு, மின்னல், துளி, தூக்கு. இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் மூட்டு நெடுக ஒரே அளவில் பிறைகள் அடுக்கியதுபோல் வரி விழும்.

முதல் ஓட்டம் அடிவரை உருகிப் பிடிப்பதற்கு. இரண்டாவது ஓட்டம் தடிமனுக்கு. முடிவில் மூட்டு தகட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தடிமனாக இருக்க வேண்டும். 1.80 மி.மீ. கோட் 4 தகட்டில் அது 2.4 மி.மீ. மூட்டின் பக்கவாட்டில் தகடு மெலிந்து கோடுபோல் பள்ளம் விழுந்திருந்தால் அது பெரிய குறை. மேலே எவ்வளவு அழகாக வரி விழுந்திருந்தாலும், தகடு முதலில் கிழிவது அந்தக் கோட்டில்தான்.

ஒவ்வொரு பயிற்சித் துண்டையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். அடிவரை ஒரே உலோகமாக இருக்கிறதா, பாதியில் கருங்கோடு தெரிகிறதா? கருங்கோடு என்றால் படலம், சுரண்டல் போதவில்லை. இன்னொரு துண்டை மூட்டோடு முழுக்க மடித்துப் பாருங்கள், பிளக்கிறதா என்று. மேல்தோற்றத்தை வைத்து வெல்டை மதிப்பிடும் பழக்கம் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டால் பின்னால் உதறுவது கஷ்டம்.

முட்டு மூட்டு கை வந்த பிறகு ஏறுமூட்டு. ஏறக்குறைய 25 மி.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏறும். இதில் சூட்டைப் பெரும்பாலும் அடித்தகட்டுக்குக் கொடுக்க வேண்டும். மேல் தகட்டின் விளிம்பு மெல்லியது, தானாகவே முந்தி உருகிவிடும். செங்குத்து மூட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மேசையில் வேலை செய்யும்போது பொருளைத் திருப்பித் திருப்பி வைத்து, ஏறக்குறைய எல்லா மூட்டையும் படுக்கை நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

குழாய்க்கு ஒரு காரீய ஸ்லேட்

உருப்படியான முதல் பொருளாக இதைத்தான் செய்யச் சொல்வேன். காற்றுக்குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் உட்காரும் சதுர அடித்தட்டு, அதன் நடுவே குழாயை அணைத்து நிற்கும் கழுத்து. முட்டு மூட்டு ஒன்று, ஏறுமூட்டு ஒன்று.

சாதாரண 110 மி.மீ. குழாய் என்றால் கழுத்தின் விட்டத்தை 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 361 மி.மீ. உயரம் கூரைக்கு மேல் எல்லாப் பக்கமும் 150 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. கூரை சாய்வானது, குழாய் நேரானது. அதனால் கழுத்தின் அடிவிளிம்பைச் சாய்வுக்கேற்ப அலைபோல் வெட்ட வேண்டும். இந்த வடிவை முதலில் அட்டையில் வெட்டி, சுருட்டி, கூரைச் சாய்வில் பிடித்த ஒரு பலகையின் மேல் நிறுத்திப் பாருங்கள். அட்டையில் சரியான பிறகு தகட்டில் வரையுங்கள். தகட்டை ஒரு உருளை மரக்கட்டையின் மேல் சுருட்டி, விளிம்புகளை முட்டவைத்து, நீளவாக்கு மூட்டை வெல்டு செய்யலாம். பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் மேல் செய்ய வேண்டாம், இளகிவிடும். பிறகு கழுத்தின் அடிவிளிம்பை 10 மி.மீ. அளவு வெளிப்பக்கமாகத் தட்டி மடித்து, ஓட்டை போட்ட அடித்தட்டின் மேல் உட்காரவைத்துச் சுற்றிலும் ஏறுமூட்டாக வெல்டு செய்யுங்கள். மடிப்பின் அடிப்பக்கத்தைச் சுரண்டினீர்களா?

இதில் வட்டத்தைச் சுற்றி வரும்போது தகடு முழுக்கச் சூடேறிக்கொண்டே போகும். முதல் பாதியில் சரியாக வந்த தாளம் இரண்டாம் பாதியில் தாமதமாகத் தோன்றும். அங்கே சுடரை இன்னும் சீக்கிரம் தூக்க வேண்டும், அல்லது சற்று நிறுத்தி ஆறவிட வேண்டும்.

கூரையில் வேண்டாம்

மேலே சொன்ன எல்லாம் தரையில், கூரையிலிருந்து விலகி, மேசையில் செய்ய வேண்டியவை. பொருளை முடித்துவிட்டு மேலே எடுத்துப்போய்ப் பொருத்துங்கள். இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், பழைய மாளிகைகளைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருந்த அப்பார்க் மாளிகை 1989 ஆகஸ்ட் 30 அன்று எரிந்தது. கூரைக் காரீயத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது சுடரிலிருந்து பிடித்த தீ. மீண்டும் கட்டி 1995-இல்தான் பார்வையாளருக்குத் திறந்தார்கள். பழைய கூரையின் அடியில் காய்ந்த மரமும் பறவைக்கூடும் நூறு வருடத் தூசியும் இருக்கும். உள்ளே கனல் பிடித்தால் வெளியே தெரிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். எனவே தவிர்க்கவே முடியாமல் மேலே சுடரைப் பயன்படுத்தினால், வேலையை முடித்து ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கே காவல் இருக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்திலும் நெருப்பு வேலை பற்றிய நிபந்தனை இருக்கும், தொடங்கும் முன் படித்துவிடுங்கள்.

உடம்புக்கான ஆபத்து மெதுவானது, அதனால்தான் அசட்டை செய்கிறோம். காரீயம் உடலில் தங்கும். உருகுநிலைக்கு மேல் சூடு ஏற ஏறப் புகை கிளம்பும், அதனால் காற்றோட்டமான இடமும் பொருத்தமான முகமூடியும் வேண்டும். ஆனால் உண்மையில் உள்ளே போவது பெரும்பாலும் கைவழியாகத்தான். தேநீர், சிகரெட், பிஸ்கட், எதைத் தொடும் முன்னும் கையும் முகமும் கழுவுங்கள். வேலைத்துணியோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இதன் கேடு மிக அதிகம். பழைய தகட்டின் அடியில் இருக்கும் வெள்ளைப் பொடி எல்லாவற்றிலும் மோசமானது, உலர்ந்த நிலையில் துடைக்கவே கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும். கூலிக்கு வேலை செய்பவர்களுக்கு பிரிட்டனில் 2002-ஆம் ஆண்டின் காரீயக் கட்டுப்பாட்டு விதிகள் பொருந்தும். சுரண்டல் தூளையும் வெட்டுத்துண்டுகளையும் ஒரு வாளியில் சேர்த்து வையுங்கள், பழைய உலோகக் கடையில் விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

பொருத்தும்போது

வெல்டு செய்ய வந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நீளமாக ஒட்டிவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஃப்ளாஷிங் (கூரை மூட்டை மூடும் தகடு) ஒரு துண்டு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. உறைபனிக்கும் கோடை வெயிலுக்கும் நடுவே தகட்டின் சூடு 60 டிகிரி மாறினால், 1.5 மீட்டர்த் துண்டு ஏறக்குறைய 2.6 மி.மீ. நீளும். 6 மீட்டராக ஒட்டினால் 10 மி.மீ.-க்கு மேல். அசைய இடமில்லாத தகடு முதலில் புடைக்கும், பிறகு பிளக்கும். அடுத்தடுத்த துண்டுகளை 100 மி.மீ. ஏறவைத்து விடுங்கள், வெல்டு வேண்டாம். வெல்டிங் மூலைகளுக்கும் கழுத்துகளுக்கும் மட்டும்.

செங்கல் இடுக்கில் 25 மி.மீ. ஆழம் நுழைத்து, காரீயச் சுருள்களை ஆப்பாக 450 மி.மீ.-க்கு மிகாத இடைவெளியில் அடித்து, அதற்கான சீலண்டால் மூடினால் போதும். ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் செம்பு ஆணி, திருகு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குழாய்க் கழுத்தின் மேல்வாயைக் குழாயோடு இறுக்கி ஒட்டாமல், குழாயில் ஒரு காலர் மாட்டி அது கழுத்தின் மேல் குடைபிடிக்கும்படி விடுங்கள்.

கடைசியாக, பொருத்திய அன்றே பேட்டினேஷன் எண்ணெயைத் துணியால் தகடு முழுக்க ஒரே சீராகத் தடவிவிடுங்கள். தகடு ஏறியிருக்கும் இடங்களின் அடியிலும், ஓட்டின் மேல் படியும் கீழ்விளிம்பின் உட்பக்கத்திலும் கொஞ்சம் படட்டும். தடவாமல் விட்டால் முதல் மழையிலேயே வெள்ளைக் கறை ஓடுகளின் மேல் கோடுகோடாக இறங்கும்.